எடுக்காமல் விட்ட சிரிப்பு

என் தம்பி எங்கள் வீட்டுக்கு வரும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சட்டைக் கைகள் இரண்டையும் முழங்கைக்கு மேல் சுருட்டி, கைகளை நீட்டிக் காட்டுவான். நான் பார்த்தும் பார்க்காதது போல ஒரு பார்வை பார்ப்பேன். அதன் பிறகுதான் "வா" என்பேன். மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் வெளியே வந்த மூன்று வருடங்களாக இதுதான் எங்களுக்குள் வழக்கம். காட்டு என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை. ஏன் பார்க்கிறாய் என்று அவனும் கேட்டதில்லை. என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மாமா வந்தால் அவளும் ஓடிவந்து தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவாள். அதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

போன புரட்டாசிக்கு முந்தின வாரம் அப்படிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்தவன், நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"க்கா, ஒரு படம் எடுக்கறோம்."

"யாரு?"

"என் ரூம்மேட்டு கீறான் இல்ல, அவன்தான் டைரக்டரு. சின்னப் படம். பெரிய ஆளுங்க யாரும் கெடையாது. மாத்திரயக் கரைச்சு ஊசி போட்டுக்கற ஒரு பையன், அவன உட்டுட்டுப் போற ஒரு பொண்ணு. அவ்ளோதான் கதை."

அது யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. "யாரு நடிக்கறா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான்."

"கடைசில இன்னா ஆவறான்?"

"சாவறான்க்கா," என்றான், காபி ஆறிவிட்டது என்று சொல்வதைப் போல.

அந்த ரூம்மேட்டை எனக்குத் தெரியும். ஐந்து வருடங்களுக்கு முன்பு சென்னையில் அவர்கள் தங்கியிருந்த அறையில், குளியலறைக் கதவை உடைத்துத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். அன்று அவன் ஓடவில்லை என்றால் இன்று எனக்குத் தம்பி இல்லை. அவன் கேட்டால் எதையும் மறுக்க எனக்கு வாய் வராது. அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டுப் பேர், ஒரு வேன், ஒன்பது நாளைக்கு வாடகைக்கு எடுத்த ஒரு கேமரா. தங்க ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கும் கொட்டகை சம்பா அறுவடை வரை காலியாகத்தான் கிடக்கும். அதைக் கேட்டார்கள்.

கொட்டகை என் மாமியாருடைய ஆட்சியில் இருந்தது. அவரிடம் கேட்பதற்கு நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்து இந்த ஊரிலிருந்து, பெருநகர் என்கிற என் பிறந்த ஊருக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் தம்பி மையத்தில் பூட்டிய கதவுக்குள் இருந்தான். "பையன் எங்க?" என்று இவர்கள் கேட்டதற்கு, "மஞ்சள் காமாலை, சொந்தக்காரங்க வூட்ல பத்தியத்துல கீறான்" என்று என் அப்பா சொன்னார். கல்யாணத்துக்கும் அவனால் வர முடியவில்லை. அப்போதும் அதே மஞ்சள் காமாலை. கல்யாணமான மூன்றாம் மாதம் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். மாமியாரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு வருடங்கள் ஓடிவிட்டன.

"படம்னா இன்னா படம்?" என்று மாமியார் கேட்டார்.

"குடும்பப் படம் அத்தை."

"அடிதடி, கட்டிப் புடிக்கறது எல்லாம் கீதா?"

"இல்ல அத்தை."

"அப்புறம் எவன் அத்தப் பாப்பான்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சரி, புரட்டாசி மாசம். கவிச்சி கிவிச்சி கேக்கக் கூடாதுன்னு சொல்லிடு" என்றார்.

அனுமதி கிடைத்த நிம்மதி ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வேறு கவலை வந்தது. எதை விட்டு அவன் இவ்வளவு பாடுபட்டு வெளியே வந்தானோ அதையே மறுபடியும் கையில் பிடித்து நடிக்கப் போகிறான். பொய்தான் என்றாலும் கைக்கு அது தெரியுமா? மையத்தில் ஆலோசனை சொல்லும் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் யோசித்துவிட்டுத்தான் பேசினார். நடிப்பதில் தப்பில்லை, சொல்லித் தீர்ப்பது சில பேருக்கு நல்லது செய்யும் என்றார். "ஆனா கனமான காட்சி எடுத்த அன்னிக்கு அவரத் தனியா விடாதீங்க. யாராச்சும் கூட இருங்க. ஒரு ரெண்டு மூணு மணி நேரம் போதும்." அதை என் மகளின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். எனக்கு எது முக்கியமோ அதெல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கும்.

படக்குழுவில் எல்லோரும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். மேக்கப் அண்ணனுக்கு மட்டும் அறுபது இருக்கும். பெரிய படங்களில் வேலை பார்த்தவர், இப்போது இந்த மாதிரிச் சின்னக் குழுக்களோடு போகிறார். மாத்திரை, ஊசி எல்லாம் அவருடைய தகரப் பெட்டியில்தான் இருந்தன. முதல் நாளே நான் அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த மாத்திரய நான் கொஞ்சம் பாக்கலாமா?"

அவர் ஏன் என்று கேட்காமல் பெட்டியைத் திறந்தார். ஊசியின் முனையில் கம்பி இல்லை. அதை என் உள்ளங்கையில் குத்திக் காட்டினார். மாத்திரைகள் எல்லாம் பெப்பர்மிண்ட் மிட்டாய், விளிம்பைத் தேய்த்துச் சின்னதாக்கியது என்றார். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனிப்புதான். பிறகு, நான் எடுத்தது மட்டும் மிட்டாயாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அடியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டேன். அதுவும் இனிப்புதான்.

"இன்னும் ஒண்ணு வேணுமாம்மா?" என்றார் மேக்கப் அண்ணன். "ஆனா சீனுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்."

மறுநாள் தம்பியின் கண்ணுக்குக் கீழே அவர் கருப்பு பூசிக்கொண்டிருந்தபோது, நான் காபி கொண்டுபோனேன். அந்த முகத்தை நான் உண்மையாகவே பார்த்திருக்கிறேன். காபியைக் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். மேக்கப் அண்ணன் அதைக் கவனித்தார். தம்பி எழுந்து போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாடையில படுக்கற சீன நெனச்சு பயந்துக்கினு கீறயா? அதுக்கு எங்க லைன்ல ஒரு வழக்கம் கீதும்மா. செத்த மாதிரி நடிச்சவன், எல்லா ஷாட்டும் முடிஞ்சதும், எய்ந்துக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அத்த எடுத்துடுவோம். படத்துல வராது. ஆனா எடுக்காம உடமாட்டோம். சிரிச்சாச்சுன்னா செத்தது பொய்யினு ஆயிடுது இல்ல?"

படித்தவள் நான். ஸ்கூலில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். அந்தச் சிரிப்பை அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டைரக்டரிடம் இரண்டு முறை போய், "கடைசில அந்த சிரிப்பு ஷாட்டு" என்று ஞாபகப்படுத்தினேன். இரண்டாம் முறை அவன், "க்கா, நீங்க அசிஸ்டென்ட் டைரக்டரா சேந்துடுங்க" என்றான்.

படத்தில் அந்தப் பெண்ணாக நடித்தவள் ஏதோ ஆபீஸில் வேலை செய்கிறவள், இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து என்னோடு கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தாள். "நிஜத்துல அந்தப் பொண்ணு எப்படி இருப்பாங்க அக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அது பாதி உண்மை. நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் குரலைக் கேட்டிருக்கிறேன். தம்பி மையத்தில் இருந்தபோது ஒரு நாள் அவள் எனக்குப் போன் செய்தாள். "அவர் உயிரோட இருக்காரா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். "நல்லா இருக்கான். தயவுசெஞ்சு இனிமே போன் பண்ணாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் போனைப் பற்றி நான் தம்பியிடம் சொல்லவே இல்லை. நான் செய்தது சரியா, தப்பா என்று ஐம்பது முறையாவது நினைத்துப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில்தான் வந்தது.

எட்டாம் நாள் பாடை சீன். எங்கள் தெருவிலிருந்து பாடை கிளம்பக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் களத்தில் வைத்துக்கொண்டார்கள். பாடை கட்ட ஊரில் எப்போதும் கட்டுகிற பெரியவரே வந்தார். மூங்கிலும் பச்சைத் தென்னை ஓலையுமாகக் கட்டி முடித்துவிட்டு, "கடைசி முடிச்சு ஒண்ணு போடாம உட்டுக்கீறேன், ஆள மெதுவா தூக்குங்க" என்றாராம். முழுசாகக் கட்டினால் அது நிஜப் பாடையாகிவிடும் என்பது அவர் கணக்கு. மேளம் அடிக்க வந்தவர்களிடம் டைரக்டர், "சும்மா அடிக்கற மாதிரி அடிங்கண்ணே, சவுண்டு அப்புறம் சேத்துக்கறோம்" என்று சொல்ல, அவர்களில் மூத்தவர், "சாவுக்கு சும்மா அடிக்கத் தெரியாது தம்பி, எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே அடிதான்" என்றிருக்கிறார்.

அந்த ஒரே அடி எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நான் போகவில்லை. குழந்தை பார்த்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தி, டிவியில் பொம்மைப் படத்தைச் சத்தமாக வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து ஆடினாள். ஆடாதே என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் அவளை மாமியார் மடியில் விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கிருந்து களம் தெரியும். தூரத்தில் வெள்ளையாக அவன் படுத்திருந்தான். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. வேப்ப மரத்தடியில் அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேளம் நின்றது. இப்போது சிரிப்பை எடுப்பார்கள் என்று நான் காத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மழை வந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஏரிப் பக்கமிருந்து ஒரே கொட்டாகக் கொட்டியது. வாடகைக் கேமரா நனைந்துவிடுமே என்று எல்லோரும் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு வேனை நோக்கி ஓடினார்கள். மேளக்காரர்கள் மேளத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாடையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தம்பி தானாகவே எழுந்து உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தான். பிறகு இறங்கி நடந்தான். மழை திரை போட்டுவிட்டதால் எந்தப் பக்கம் போனான் என்று எனக்குத் தெரியவில்லை.

மழை அரை மணியில் விட்டது. மற்றவர்கள் எல்லோரும் கொட்டகைக்கு வந்து தலை துவட்டினார்கள். என் தம்பி மட்டும் வரவில்லை. டைரக்டரைக் கேட்டேன். "வேன்ல பின்னாடி வரான்னு நெனச்சேன்க்கா" என்றான். போன் செய்தேன். மேக்கப் அண்ணனின் சட்டைப் பையில் அடித்தது. பாடையில் கிடப்பவனிடம் போன் இருக்கக் கூடாது என்று அவர் வாங்கி வைத்திருந்தார்.

"அந்தச் சிரிப்பு எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மய வந்துடுச்சேம்மா," என்றார்.

ஒரு மணி நேரம் ஆனது. தனியா விடாதீங்க என்று எழுதி வைத்த அட்டை அலமாரியில் இருந்தது. எழுதினேன், வைத்தேன், அதோடு சரி. நான் களத்தில் இருந்திருக்க வேண்டும். என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். காஞ்சிபுரம் பஸ்ஸோ செங்கல்பட்டு பஸ்ஸோ அவன் ஏறிவிட்டால், இறங்குகிற இடத்தில் அவனுக்குத் தெரிந்த பழைய ஆட்கள் யாராவது இருப்பார்கள். அங்கே போக எனக்கு வழி தெரியாது. அவனுக்குத் தெரியும்.

நான் ரோட்டுக்கு ஓடினேன். பின்னால் மாமியார் என்னவோ கத்தினார். காதில் விழவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. டீக்கடைக்காரரிடம், "என் தம்பி இந்தப் பக்கமா வந்தானா?" என்று கேட்டேன்.

"யாரு, பாடையில படுத்துக்கினு இருந்தாரே அவரா?"

"ஆமா."

"எய்ந்து போனாரும்மா. நான் பாத்தேன். மூக்குல பஞ்சோட போயிக்கினு கீறாரு. டீ குடிக்க வந்த ரெண்டு பேரு கெளாஸ வெச்சுட்டு ஓடிப் பூட்டானுங்க."

"எந்தப் பக்கம் போனான்?"

"ஏரிக்கர மேல."

அதுவரை பஸ்ஸைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். ஏரி என்றதும் அந்தப் பயம் சின்னதாகிவிட்டது. பஸ்ஸிலேயே போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். திரும்ப ஊசி போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, மறுபடியும் மையத்தில் சேர்க்கலாம், மறுபடியும் மஞ்சள் காமாலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம் மனம் பேரம் பேசியது. கரைமேல் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். புரட்டாசியில் ஏரியில் அவ்வளவு தண்ணீர் இருக்காது என்பதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

மதகைத் தாண்டிக் கரைக்குக் கீழே எங்கள் வயல். அதன் மூலையில் பம்ப் செட் கொட்டகை. அதன் வாசலில் என் தம்பி குந்தி உட்கார்ந்திருந்தான். அதே வெள்ளை வேட்டி. ஊறிப் போயிருந்தான். பஞ்சை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நான் இறங்கிய வேகத்தில் வரப்பில் வழுக்கி விழுந்தேன். எழுந்து போய் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போது பார்த்தும் பார்க்காத பார்வையெல்லாம் இல்லை.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாச்சும்…?"

"இங்க இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"கரண்டுக்கு உக்காந்துக்கினு கீறேன்."

"கரண்டா?"

"மய வந்ததும் கரண்டு பூட்ச்சு. மோட்டார் ஓடல. குளிக்கணும் இல்ல?"

எனக்குப் புரியவில்லை. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவனே சொன்னான். "சின்னக் கொயந்த இருக்கற வூடு. சாவுக்குப் போனவனே தலைக்கு ஊத்திக்காம உள்ள வரமாட்டான். நானு செத்தவனே. பாடையில இருந்து எய்ந்து நேரா வூட்டுக்குள்ள எப்படி வர்றது?"

"மயையில நனைஞ்சுட்டயே, அது போதாதா?"

"மயையில நனையறது குளிக்கறது ஆவுமா? இன்னாக்கா நீ, அதுகூடவா தெரியாது?"

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் பயந்துபோய், ஏன் அழுகிறாய் என்று நாலைந்து முறை கேட்டான். நீ திரும்ப அதைத் தேடிப் போய்விட்டாய் என்று நினைத்தேன் என்று சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். ஏரியைப் பற்றிச் சொல்லவில்லை.

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "படுத்துக்கினு இருந்தப்ப அது ஞாபகம் வந்துச்சுக்கா," என்றான். "பொய் சொல்லமாட்டேன். மேளம் காது கிட்ட அடிக்குது, கண்ண மூடிக்கினு கீறேன். அந்த நாளுங்கள்ல இப்படித்தான் இருக்கும். யாரோ தூக்கிக்கினு போற மாதிரி. ஆனா ஒரு எறும்பு கால்ல ஏறி கடிச்சுக்கினே இருந்துச்சு. அசையக் கூடாது. எப்படா எய்ந்து சொறிவோம்னுதான் முக்காவாசி நேரம் நெனச்சுக்கினு இருந்தேன்."

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்ற, அந்தப் போனைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டது, நான் சொன்னது, வைத்தது எல்லாம். அவன் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கொக்கு வந்து இறங்கி, எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றது.

"உயிரோட கீறானான்னு கேட்டாளா?"

"ஆமா."

"நல்லா கீறான்னு சொன்னயா?"

"ஆமா."

"அப்ப சரி," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நல்ல சீன் கெடச்சிருக்கும்க்கா. இப்பப் பாரு, ஒரு நாள் ஷூட்டிங்தான் மிச்சம் கீது" என்றான்.

அப்போது கரண்ட் வந்தது. மோட்டார் முனகிக்கொண்டே எழுந்தது. குழாயில் முதலில் காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். அவன் தொட்டிக்குள் குதித்துக் குழாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்தான். கரைமேலிருந்து மேக்கப் அண்ணன் மூச்சு வாங்க இறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் தம்பியின் போன். அவனைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை.

"அண்ணே, அந்தச் சிரிப்பு," என்றேன்.

"கேமரா வேன்ல கீதும்மா."

"உங்க கையில இருக்கற போன்லயும் கேமராதான இருக்குது?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். அறுபது வயதில் ஒரு வழக்கத்தை மாற்றுவது சுலபமில்லை. பிறகு போனைத் தூக்கிப் பிடித்து, பெரிய டைரக்டரைப் போல, "ரெடி… சிரி!" என்றார். தண்ணீர் முகத்தில் அடிக்க, கண்ணைத் திறக்க முடியாமல், வாயெல்லாம் பல்லாக என் தம்பி சிரித்தான்.

வயல் பக்கமிருந்து மாமியார் வந்தார். இடுப்பில் என் மகள். தோளில் துண்டு, என் கணவருடைய லுங்கி ஒன்று, சட்டை ஒன்று.

"இங்கதான் இருப்பான்னு எனக்குத் தெரியும். சாவுக்குப் போனவன் வேற எங்க போவான்? பம்ப் செட்டப் போயி பாருன்னு கத்தறேன், இவ காதுல போட்டுக்கினா தான?" என்று துணிகளைத் தொட்டி விளிம்பில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "திரும்ப மஞ்ச காமாலை வந்துடுச்சுன்னு ஓடினயாக்கும்?" என்றார்.

தம்பி குழாய்க்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். நான் மாமியாரையே பார்த்தேன்.

"இன்னா முயிக்கற? எந்த ஊர்லடி மஞ்ச காமாலைக்கு ஒரு வருசம் உள்ள வெச்சு பூட்டறாங்க? பொண்ணு பாத்துட்டு பஸ் ஏறும்போதே உங்க ஊரு பூக்காரம்மா சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் அத்தை…"

"அப்புறம் இன்னா? பொண்ணு நல்லா இருந்துச்சு. பையனும் குணமாயி வருவான்னு அவளே சொன்னா. நீயா சொல்லுவன்னு நானும் நாலு வருசமாப் பாத்துக்கினு கீறேன்." துண்டை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "ஏம்பா செத்தவனே, தல தொவட்டிக்கினு வா, சோறு ஆறுது."

என் மகள் அவர் இடுப்பிலிருந்து இரண்டு கைகளையும் மாமாவிடம் நீட்டிக் காட்டினாள். அவனும் ஈரக் கைகளை நீட்டிக் காட்டினான்.

மறுநாள் காலை எனக்கு வேறு சந்தேகம் வந்தது. போனில் எடுத்தது செல்லுமா? அதுவும் பாடையிலிருந்து எழுந்த பிறகு எடுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மேக்கப் அண்ணனுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. அவரே டைரக்டரிடம் பேசி, களத்தில் கிடந்த பாடைமேல் தம்பியை மறுபடியும் படுக்க வைத்து, வாடகைக் கேமராவிலேயே ஒரு சிரிப்பை எடுக்க வைத்தார். "எத்தன தடவதான் சிரிக்கறது" என்று தம்பி அலுத்துக்கொண்டான். பாடை கட்டிய பெரியவர் வந்து, போடாமல் விட்ட முடிச்சை எல்லோருக்கும் காட்டினார். அதன் பிறகு தம்பி மறுபடியும் பம்ப் செட்டுக்குப் போய்க் குளித்தான். இந்த முறை கரண்ட் இருந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

படம் இன்னும் தியேட்டருக்கு வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. தை மாதம் டைரக்டர் லேப்டாப்பில் கொண்டுவந்து எங்கள் ஹாலில் போட்டுக் காட்டினான். தம்பி செத்துப்போகிற இடத்தில் நான் திரையைப் பார்க்காமல், பக்கத்தில் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் மாமியார், "நம்ம ஆளு நல்லா செத்தான். அந்தப் பொண்ணுதான் இன்னும் கொஞ்சம் அய்திருக்கலாம்" என்றார். இரண்டு சிரிப்புகளில் ஒன்று கூடப் படத்தில் இல்லை. தண்ணீரில் சிரித்த சிரிப்பை மட்டும் தம்பியின் போனிலிருந்து என் போனுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நாலு விநாடிதான் ஓடும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். மகளுக்குப் பென்சில் டப்பா வாங்கி வந்தான். ஸ்கூலில் சேர்ப்பதைப் பற்றிப் பேசினோம். நான் ரசம் வைத்தேன், உப்பு அதிகம் என்றான். சாயங்கால பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். வாசலில் கையைச் சுருட்டிக் காட்டவில்லை. நானும் பார்க்கவில்லை. அவன் மறந்துவிட்டானா, மறைத்தானா என்று ஒரு நிமிடம் ரோட்டிலேயே நின்றேன். போன் செய்து கேட்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு, சாப்பிடும்போது அவன் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரசத்தைப் பிசைந்தது கண்முன் வந்தது. முழங்கை வரைக்கும் வெறும் கை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தேடிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ரசத்தைக் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு அதிகம்தான்.